சாக்கு என்றொரு பதிப்பகம்

புத்தகக் கண்காட்சியில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் முதலில் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. மேலே மாட்டியிருக்கும் பெயர்ப்பலகையைப் பார்க்கிறார்கள். பிறகு என்னைப் பார்க்கிறார்கள். பிறகு கேட்கிறார்கள்.

“அதென்னங்க, சாக்கு?”

என் கணவர் பக்கத்தில் இருந்தால் நான் தப்பித்தேன். இந்தக் கேள்வி என்றால் அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். எல்லைப்புறம், மொழிகள் கலக்கும் இடம், போதுமென்ற மனம், எளிமையின் அழகு என்று ஆரம்பித்தால், கேட்டவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற வரைக்கும் நிறுத்த மாட்டார். கேட்டவரும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, ஒரு புத்தகமும் வாங்காமல் அடுத்த கடைக்குப் போய்விடுவார். என் கணவர் டீ குடிக்கப் போயிருக்கும் நேரத்தில் யாராவது கேட்டால் என் பதில் சின்னது.

“கோவத்துல வந்த பேருங்க. புக்கு பாருங்க.”

நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஒரு பதிப்பகத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு தத்துவமாவது இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். எத்தனை பேருக்குத்தான் வாயால் சொல்வது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

எனக்கு உத்தனப்பள்ளிப் பக்கம். வீட்டில் கன்னடம், தெருவில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் மூன்று மொழி தெரியுமா என்று ஆச்சரியப்படுவார்கள். மூன்றையும் தனித்தனியாகப் பேசத் தெரியாது என்பதுதான் விஷயம். ஒரு வாக்கியத்தைக் கன்னடத்தில் தொடங்கி, தெலுங்கில் திட்டி, தமிழில் முடிப்போம். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் பேசுவது. அவ்வளவுதான்.

படித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பிரிவில் சேர்ந்தேன். என் கணவர் அதே கம்பெனியில் மெயின்டனன்ஸ். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து டிப்ளமோவோடு வந்தவர். எங்களுடையது காதல் கல்யாணம் என்று எழுதினால் அவர் சந்தோஷப்படுவார். கேன்டீனில் ஒரே வரிசையில் தட்டோடு நின்றோம் என்று எழுதினால் அது சரியாக இருக்கும். அவர் நிறையப் படிப்பார். படித்ததைப் பற்றி நிறையப் பேசுவார். நான் அவரிடமிருந்து புத்தகங்களை வாங்கிப் படித்து, பேசுவதற்குப் பதிலாக எழுத ஆரம்பித்தேன்.

எழுதியவை கதைகள். ரோஜாத் தோட்டத்துப் பாலித்தீன் கூடாரங்களுக்குள் நாளெல்லாம் முள் குத்திக்கொண்டு பூ வெட்டும் பெண்கள், கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க விடியலில் வரப்பில் ஓடும் பெண்கள், நிலத்தை விற்றுவிட்டு அதே நிலத்தில் எழும்பிய கம்பெனிக்குக் காவலுக்குப் போகும் மாமாக்கள். எனக்குத் தெரிந்தவர்கள் எனக்குத் தெரிந்த மாதிரி பேசினார்கள். ஒரு தொகுப்பு அளவுக்குச் சேர்ந்ததும் சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். பல மாதம் கழித்து அங்கிருந்து ஒருவர் போன் செய்தார். நல்ல மனிதர்தான். கதைகள் பிடித்திருந்தன என்றார். மொழியைத்தான் கொஞ்சம் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்.

“ஒரு கதைல அந்தப் பொண்ணு காலைல எழுந்து சொப்பு பறிக்கப் போறான்னு எழுதியிருக்கீங்க. சொப்ப எப்படிம்மா பறிக்க முடியும்?”

எங்கள் ஊரில் சொப்பு என்றால் கீரை. அவருக்குச் சொப்பு என்றால் குழந்தைகள் வைத்து விளையாடும் சின்னப் பாத்திரம். பாவம், ஒரு பெண் விடிந்ததும் விடியாததுமாகச் செடியிலிருந்து பொம்மைச் சட்டி பானை பறிப்பதாக நினைத்து முழுக் கதையையும் படித்திருக்கிறார். அதை ஒரு புதுமையான கதை என்றுகூட நினைத்திருக்கலாம். நான் விளக்கிச் சொன்னேன். அப்படியானால் கீரை என்று மாற்றிவிடலாமே என்றார். மாற்றலாம்தான். அப்புறம் அந்தப் பெண் எங்கள் ஊர்ப் பெண்ணாக இருக்க மாட்டாள். முடியாதுங்க என்று சொல்லிவிட்டேன்.

என் கணவர் அன்றைக்குச் சாயங்காலமே அறிவித்துவிட்டார். “விடும்மா. நாமளே ஒரு பதிப்பகம் ஆரம்பிப்போம். உன் புக்கு ஒரு எழுத்து மாறாம வரும்.”

இதைக் கேட்டு என்னைவிடச் சந்தோஷப்பட்டது அம்மா. அவளிடம் சொன்னது தப்பு என்று பிறகு பலமுறை நினைத்தேன். மறுநாளே தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். பால் ஊற்றுகிறவர், பூ வியாபாரி, ராயக்கோட்டை பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை வைத்திருக்கிறவர், எல்லாரும் என்னைப் பார்த்தால் புஸ்தகம் வந்துவிட்டதா என்று கேட்டார்கள். இத்தனைக்கும் அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. சின்ன வயதில் எல்லைக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்தவள். கன்னட எழுத்து மட்டும் தெரியும். பேசுவது கன்னடமும் தமிழும் பின்னிய பேச்சு. படிக்கிறவர்களுக்காக அதை இங்கே தமிழ்ப் பக்கமாகச் சாய்த்து எழுதுகிறேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பின்னால் நடந்தது புரியாது. அம்மா என்னைப் பெற்றவள் இல்லை. பெற்றவளின் அக்கா. கர்நாடகத்தில் ஆனேக்கல் பக்கம் வாழ்க்கைப்பட்ட தங்கைக்கு மூன்றாவதாகவும் பெண் பிறந்தது, அது நான். பிள்ளையில்லாத அக்கா கைக்குழந்தையாக என்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இதில் மறைத்த ரகசியம் எதுவும் இல்லை. எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெற்றவளைச் சிக்கம்மா என்று கூப்பிடுவேன், அதாவது சின்னம்மா. வளர்த்தவள்தான் அம்மா.

இப்படி வளர்ந்த பெண்ணைக் கன்னடத்தில் சாக்கு மகள் என்பார்கள். வளர்ப்பு மகள் என்று அர்த்தம். சாக்குவது என்றால் வளர்ப்பது. ஆட்டையும் கோழியையும் வளர்ப்பதற்கும் அதே சொல்தான். நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு கல்யாணத்தில் சிக்கம்மா நாலு பேருக்கு நடுவில் என் தோளில் கை போட்டு, “இவ என் மகதான். அக்கா சாக்கறா,” என்று சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள். அம்மா அப்போது பந்தியில் உட்கார்ந்திருந்தாள். இலையில் சோறு விழுந்திருந்தது. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“நாய சாக்குவாங்க. கோழிய சாக்குவாங்க. புள்ளைய யாரானா சாக்குவாங்களா?”

அன்றோடு அந்தச் சொல் எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டது. அதில் ஒரு சங்கடம் இருந்தது. கன்னடத்தில் சாக்கு என்றால் போதும் என்றும் அர்த்தம். சோறு போடும்போது சாக்கு, பேச்சை நிறுத்தச் சாக்கு, பால்காரரிடம் சாக்கு, நாளைக்கு நூறு தடவை வாயில் வருகிற வார்த்தை. அம்மா அதையும் விட்டுவிட்டாள். அவள் போதும் என்று தமிழில் சொல்வாள், இல்லையென்றால் சாலு என்று தெலுங்கில் சொல்வாள். வீட்டுக்கு வருகிறவர்கள் சாப்பாட்டில் கையைக் குறுக்கே வைத்துச் சாக்கு சாக்கு என்றால் அவள் முகம் லேசாக மாறும். கன்னடம் பேசுகிற வீட்டில் அந்தச் சொல் இல்லாமல் நான் வளர்ந்தேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஓசூருக்கு வேலைக்கு வந்து, கம்பெனி கேன்டீனில்தான் அதை நான் சரளமாகச் சொல்லப் பழகினேன்.

சரி, பதிப்பகத்துக்கு வருவோம். ஆரம்பிக்கலாம் என்று முடிவானதும் என் கணவர் தன்னுடைய சிஷ்யப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதே மெயின்டனன்ஸ் பிரிவில் இருப்பவர், திருநெல்வேலிக்காரர், பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறார். என்னை மதினி என்பார், நான் தம்பி என்பேன். நன்றாக வரைவார், கம்ப்யூட்டரில் அட்டை வடிவமைப்பார், பிழை திருத்துவார். எல்லாம் செய்வார், பேச்சை நிறுத்துவதைத் தவிர. இரண்டு பேரும் சேர்ந்து புத்தகம் போடுவதற்கு முன் பதிப்பகத்துக்குப் பெயர் வைக்க உட்கார்ந்தார்கள்.

உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. கோடை போய் மழை வந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பெயர் வைக்கும் வைபவம் எங்கள் சாப்பாட்டு மேசையில் நடந்தது. முதலில் தென்பெண்ணை என்றார்கள். ஆற்றின் பெயர், கேட்க நன்றாக இருக்கிறது. ஓசூரில் அந்த ஆறு எப்படி இருக்கிறது என்று அணைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். பெங்களூரின் சாக்கடையெல்லாம் சேர்ந்து நுரை தள்ளிக்கொண்டு ஓடுகிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்து அந்தப் பெயரை விட்டுவிட்டார்கள். அடுத்து மாவடு. கிருஷ்ணகிரி மாவட்டம், மாம்பழம், பொருத்தம்தானே என்றார் என் கணவர். ஊறுகாய்க் கம்பெனி மாதிரி இருக்கிறது என்றார் தம்பி. அடுத்து சங்க இலக்கியத்திலிருந்து ஒரு சொல் எடுத்தார் தம்பி. அதன் அர்த்தத்தை அவர் சொல்லி முடிப்பதற்குள் குக்கர் ஐந்தாறு விசில் அடித்துவிட்டது. அப்புறம் ஒரு நல்ல பெயர் கிடைத்தது. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு பதிப்பகம் இருந்தது. தமிழில் நல்ல சொற்களையெல்லாம் யாரோ முன்கூட்டியே பிடித்து வைத்திருக்கிறார்கள்.

இதற்கு நடுவே என் கதைகளுக்குப் பிழை திருத்துகிறேன் என்று தம்பி எடுத்துக்கொண்டு போனார். ஒரு எழுத்து மாறாது என்று சொன்னார்கள் அல்லவா. திரும்பி வந்தபோது என் பெண்கள் எல்லாரும் திருநெல்வேலிக்கு வாழ்க்கைப்பட்டிருந்தார்கள். போய்க்கினு இருந்தவள் போய்ட்டு இருந்தாள். எத்தினி என்று கேட்டவள் எத்தனை என்று கேட்டாள். கேட்டால், “மதினி, வாசகனுக்குப் புரியணும்லா,” என்கிறார். அந்த வாசகனை ஒரு நாள் நேரில் பார்த்தால் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும் என்றிருக்கிறது. எல்லாத் திருத்தத்தையும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன். சொப்பைத் திரும்பச் சொப்பாக்கினேன்.

ஒவ்வொரு வாரக் கடைசியிலும் அம்மா கேட்பாள். “என்னா கண்ணு, புஸ்தகம் எப்ப வருது?”

“பேர் வெக்கறாங்கம்மா.”

“புள்ள பொறக்கறதுக்கு முன்னாடியா?”

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் அடுப்படியில் கோழி கழுவிக்கொண்டிருந்தேன். வெளியே இரண்டு பேரும் பெயரின் ஓசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெயரில் ஒரு வல்லின எழுத்து இல்லையென்றால் அட்டையில் அது நிற்காது, வழுக்கி விழுந்துவிடும் என்று தம்பி சொல்ல, மெல்லினத்தில்தான் கம்பீரம் என்று இவர் சொல்ல, கடைசியில் தம்பி அடுப்படி வாசலுக்கே வந்துவிட்டார்.

“நீங்க சொல்லுங்க மதினி. வல்லினம் நல்லாருக்குமா, மெல்லினம் நல்லாருக்குமா?”

“சாக்கு,” என்று நான் கத்தினேன். “சாக்கு தம்பி, சாக்கு. புக்கு போடறீங்களா, இல்ல நானே ஜெராக்ஸ் எடுத்து ஊசி நூல் போட்டு தெச்சிக்கட்டுமா?”

வீடு அமைதியானது. கோபித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது, நிம்மதி என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு வெளிச்சம்.

“கேட்டியாடா தம்பி?” என்றார் இவர்.

“கேட்டேம்ணே. வல்லினம்ணே. அதுவும் ரெட்டிச்சு வருது.”

பிறகு அவர்களைப் பிடிக்க முடியவில்லை. கன்னடத்தில் போதும். தமிழில் கோணி, தமிழிலேயே இன்னொரு அர்த்தத்தில் காரணம் காட்டித் தப்பிப்பது. தெலுங்கிலும் அதே தப்பிக்கும் காரணம். ஒரே சொல், மூன்று மொழிக்காரர்களும் தங்கள் சொல் என்று நினைப்பார்கள், இந்த ஊரைத் தவிர வேறெங்கே இது நடக்கும் என்று இவர் குதித்தார். இலக்கியமே வாழ்க்கையிலிருந்து தப்பிக்க ஒரு சாக்குதானே மதினி என்றார் தம்பி. நான் கையில் கோழியோடு நின்றேன். இந்தச் சொல்லுக்கு இன்னும் ஒரு அர்த்தம் இருப்பது இரண்டு பேருக்கும் தெரியாது. பஸ் கண்டக்டரிடமும் கேன்டீனிலும் கன்னடம் கற்றுக்கொண்டவர்கள். அங்கே யாரும் பிள்ளை வளர்ப்பதைப் பற்றிப் பேசுவதில்லை.

“இந்தப் பேரு வேணாம்,” என்றேன்.

“ஏம்மா? நீ சொன்னதுதான?”

“வேணாம்னா வேணாம்.”

நான் பெயர் சொல்லிவிட்டு அடக்கத்தால் மறுக்கிறேன் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அடக்கம் என்று என்னைப் பார்த்து யாரும் நினைத்தது அந்த ஒரு நாள்தான்.

எழுத்துக்கூட்டலில் மறுபடி ஒரு வாரம் போனது. கன்னடத்தில் அந்தச் சொல்லுக்கு ஒற்றைக் க. அதைத் தமிழில் சாகு என்று எழுதினால் ஓசூர்க்காரர்களுக்குப் பூரிக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுக்கும் உருளைக்கிழங்குச் சாகு. தெற்கத்திக்காரர்களுக்குச் சாவு. பூரியும் வேண்டாம் சாவும் வேண்டாம் என்று சாக்கு என்றே வைத்தார்கள்.

நான் வேறு வழியில்லாமல் இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நான் வளர்ப்புப் பெண் என்பது இவருக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். அந்தச் சொல்லும் அந்தப் பந்தியும் தெரியாது. கேட்டு முடித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். “இத நேத்தே சொல்லக்கூடாதா? இன்னைக்குக் காலைலதான் தம்பி எல்லாத்துக்கும் அந்தப் பேருல எழுதிக் குடுத்தான்.” மாதக்கணக்கில் ஒரு பெயர் வைக்க முடியாதவர்கள், வைத்த பெயரை ஒரே காலையில் பதிவு செய்து, ரப்பர் ஸ்டாம்ப் அடித்து, சிவகாசி அச்சகத்துக்கும் சொல்லிவிட்டார்கள். மாற்ற முடியாதா என்றேன். மாற்றலாம், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார். முதலிலிருந்து என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அந்தச் சாப்பாட்டு மேசை கண்முன் வந்தது.

“சரி உடுங்க,” என்றேன். “அம்மாவுக்குத் தமிழ் படிக்க வராது. நாம சொல்லாம இருந்தா போதும்.”

அந்தச் சமாதானத்தோடு கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தேன். அச்சகத்திலிருந்து ஒருவர் போன் செய்து, புத்தகமா, இல்லை கோணி மண்டிக்கு பில் புக்கா என்று கேட்டார். புத்தகக் கட்டுகள் லாரியில் வந்து இறங்கியபோது பார்சல் ஆபீஸில் அவற்றைக் காலிச் சாக்கு மூட்டைகளோடு சேர்த்து அடுக்கி வைத்திருந்தார்கள். நம்பர் எப்படியோ பரவி, மாங்காய் சீசனில் நாகரசம்பட்டியிலிருந்தும், தக்காளி வரத்து கூடினால் ராயக்கோட்டையிலிருந்தும் இன்றைக்கும் போன் வருகிறது. “அக்கா, பழைய சாக்கு என்ன ரேட்டு?” சிறுகதைத் தொகுப்பு வேண்டும் என்று அதில் ஒரு போன்கூட வந்ததில்லை. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

கட்டைப் பிரித்து முதல் பிரதியைக் கையில் எடுத்தேன். நல்ல அட்டை. பூக்கூடைக்குப் பின்னால் ஒரு பெண்ணின் முதுகு. அட்டையின் அடியில் பதிப்பகத்தின் சின்னம். சின்னத்தில் சாக்கு என்று தமிழில் இருந்தது. அதன் பக்கத்தில் தெலுங்கில் இருந்தது. அதன் பக்கத்தில், கண்ணாடி இல்லாமலே படிக்கிற அளவுக்குப் பெரிதாக, கன்னடத்தில் இருந்தது.

“சர்ப்ரைஸ் மதினி,” என்றார் தம்பி. “மூணு எழுத்துலயும் போட்டுட்டேன்.”

அவரைத் திட்டினால், அவர் விளக்கி முடிப்பதற்குள் விடிந்துவிடும். புத்தகத்தோடு உத்தனப்பள்ளிக்குப் போகாமல் இரண்டு வாரம் கடத்தினேன். ஓவர்டைம், தலைவலி, மழை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். இவர் அதற்கும் சிரித்தார். “சாக்கு சொல்லுற பாத்தியா. பேரு பொருத்தம்தான்.” அன்றைக்கு அவருக்கு இரவுச் சாப்பாடு இல்லை.

கடத்த முடியாத நாள் வந்தது. அம்மாவே போன் செய்து, புஸ்தகம் வந்துவிட்டதாமே, டீக்கடைக்காரருக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை என்றாள். குரலில் கோபம் இல்லை. அதனால் இன்னும் பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் கிளம்பினோம். வழியெல்லாம் லாரி. ஒவ்வொரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டபோதும் நான் ஒரு விளக்கம் தயார் செய்தேன், லாரி விலகியதும் அது மறந்துபோனது. கோபமாகச் சொல்வதற்கு எனக்குத் தயாரிப்பே தேவைப்பட்டதில்லை.

அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கை நீட்டி வாங்கினாள். முந்தானையால் அட்டையைத் துடைத்தாள், தூசி இல்லை, ஆனாலும் துடைத்தாள். பூக்கூடையைப் பார்த்தாள். பெண்ணின் முதுகைப் பார்த்தாள். அப்புறம் அடியில் பார்த்தாள். அவள் உதடு எழுத்துக் கூட்டுவது தெரிந்தது. சத்தமாகப் படிக்கவில்லை.

“அது போதும்ங்கற சாக்கும்மா,” என்று ஆரம்பித்தேன். “இவங்க ரெண்டு பேரும் பேர் வெக்கறேன் பேர் வெக்கறேன்னு உசுர வாங்கனாங்க. கோவத்துல வாய்ல வந்துடுச்சு. அத்தயே புடிச்சிக்கினாங்க. நான் வேணாம்னுதான் சொன்னேன்.”

“போதும்னா போதும்னு போடலாமே,” என்றாள்.

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். எல்லாக் கண்காட்சியிலும் வாய் கிழியப் பேசுகிற மனிதர் அன்றைக்குச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா உள்ளே போய் உட்கார்ந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பக்கங்களைப் புரட்டினாள். எல்லாம் தமிழ். முதல் பக்கங்களில் ஒன்று காலியாக இருந்து, நடுவில் ஒரே ஒரு சொல் மட்டும் இருந்தது. அதில் விரலை வைத்தாள்.

“இங்க என்னா, ஒண்ணுதான் இருக்குது?”

“அது சமர்ப்பணம்மா. புஸ்தகத்த யாருக்குக் குடுக்கறேன்னு போடறது.”

“யாருக்குன்னு போட்டிருக்குது?”

“அம்மாவுக்குன்னு.”

அவள் விரலை எடுக்கவில்லை. பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“எந்த அம்மாவுக்கு?”

இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் கேட்காத கேள்வி. காய்ச்சலில் கிடந்தபோது கேட்கவில்லை. என் கல்யாணத்துக்குச் சிக்கம்மா பட்டுப்புடவையோடு வந்து பெற்றவள் என்ற உரிமையில் முன்னால் நின்றபோது கேட்கவில்லை. ஒதுங்கி நின்று பந்தியைக் கவனித்தாள். இப்போது ஒரு புத்தகத்தின் காலிப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்கிறாள். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். அந்த இரண்டு பேரிடமும் மாதக்கணக்கில் பட்டதெல்லாம் சேர்ந்து வந்த கோபம்.

“எனக்கு எத்தினி அம்மா இருக்கறாங்க?” என்று கத்தினேன். “நீயும் ஆரம்பிக்காதம்மா. ஏற்கெனவே இவங்க ரெண்டு பேரும் என்னெ பைத்தியமாக்கிட்டாங்க. அம்மான்னா யாரு? தினம் போன் பண்ணி சாப்பிட்டியா சாப்பிட்டியான்னு உசுர எடுக்கறது யாரு? அவங்களுக்குத்தான் போட்டிருக்குது.”

அம்மா விரலை எடுத்தாள். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். கத்தினால் எங்கள் வீட்டில் பதிலுக்குக் கத்துவதுதான் வழக்கம். அவள் கத்தவில்லை. எழுந்து போய் இவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை. போகிற போக்கில் என் தலையில் கையை வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். சின்ன வயதில் வாய் நீண்டால் அப்படித்தான் செய்வாள்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது கேட்டாள். “இன்னொண்ணு இருக்குதா?”

“எதுக்கும்மா? தெருவுல யாருக்காச்சும் குடுக்கறியா?”

“சிக்கம்மாக்கு. ஆனேக்கல் போயி நானே குடுக்கறேன்.”

வண்டியின் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் நினைவு வந்தது.

“சிக்கம்மாக்கும் தமிழ் படிக்க வராதேம்மா.”

அம்மா புத்தகத்தைத் திருப்பி, சின்னம் இருந்த பக்கம் மேலே வருகிற மாதிரி வைத்துக்கொண்டாள்.

“அட்டெ படிப்பா,” என்றாள்.

“எந்த அர்த்தத்துல, அத்தை?” என்று அம்மாவைக் கேட்க இவர் வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.